ஐப்பசி நாற்றா, கார்த்திகை விதைப்பா: செட்டிநாட்டுக் கொல்லையில் குளிர்காலக் காய்கறி

முட்டைகோஸ், காலிஃபிளவர், நூக்கோல், பீட்ரூட், கேரட் எல்லாம் மலைக்காய்கள். செம்மண் சீமையில் அவற்றுக்கு என்ன வேலை என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கேட்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. இங்கே தை மாதத்தில்கூடப் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. இரவில் 20, 21 டிகிரிக்கு இறங்கினால் அதையே குளிர் என்கிறோம். ஆனாலும் கார்த்திகை நடுவிலிருந்து மாசித் தொடக்கம் வரை எழுபத்தைந்து, எண்பது நாள் நமக்குக் கிடைக்கிறது. அந்த நாட்களுக்குள் விளைந்து முடியக்கூடிய காய் எது, அதை எப்படி விதைத்தால் முடியும் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் வீட்டுக் கொல்லையிலேயே இவற்றை விதையிலிருந்து எடுக்கலாம். தேர்வு பிசகினால் இலைதான் மிஞ்சும்.

நம் முன்னால் இருப்பவை இரண்டு வழிகள். மழை பெய்துகொண்டிருக்கும் ஐப்பசியிலேயே மறைவில் குழித்தட்டு வைத்து நாற்று வளர்த்து, கார்த்திகையில் எடுத்து நடுவது ஒன்று. மழை தணிந்தபின் கார்த்திகையில் நேராகப் பாத்தியில் விதைப்பது இன்னொன்று. புரட்டாசியிலேயே திறந்த நிலத்தில் விதைத்துவிடும் மூன்றாவது வழியும் உண்டு. இந்தக் காய்களுக்கு அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மழைதான் முதல் எதிரி

வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. செட்டிநாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அதிலிருந்து டிசம்பருக்குள் பெய்து முடிகிறது. ஊரணிகளை நிரப்பும் அந்த மழை பிஞ்சு நாற்றைக் கொன்றுவிடும். பெருந்துளி விழுந்து விழுந்து செம்மண்ணின் மேற்பரப்பு அறைந்துபோகும். இரண்டு நாள் வெயில் பட்டால் இறுகிப் பொருக்குத் தட்டும். அதைப் பிளந்து வெளியே வரும் தெம்பு கேரட் முளைக்குக் கிடையாது. தப்பி முளைத்த கோஸ் நாற்றையும் நாற்றழுகல் விடாது. தரையை ஒட்டிய தண்டு நீர்கோத்து மெலிந்து, காலையில் நின்ற நாற்று மாலையில் சாய்ந்து கிடக்கும். ஈரம் வடியாத மண்ணில் வாழும் பூஞ்சை செய்யும் வேலை இது. வந்தபின் மருந்து தேடுவதில் பயனில்லை.

குழித்தட்டு வெல்வது இந்த இடத்தில்தான். 98 குழிகள் கொண்ட தட்டு ஒன்று ஒரு வீட்டுக்குத் தாராளம். தென்னை நார்த்தூளை இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கிவிட்டு, அதே அளவு மண்புழு உரம் கலந்து, அழுகல் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு கைப்பிடி சேர்த்தால் போதும். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். கோஸ் விதை நம் வெக்கைக்கு நான்கைந்து நாளில் முளைத்துவிடும். தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டைத் தாம்பாளத்தில் நிறுத்தி அடியிலிருந்து உறிஞ்சவிடுவது நல்லது.

மழைக்கு மறைவாக இருக்கிறதே என்று தட்டை வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டின், தாழ்வாரத்தில் வைக்கத் தோன்றும். அங்கே வெளிச்சம் முற்றத்தின் வானத்திலிருந்து மட்டும்தான் வருகிறது; நாற்று அதைத் தேடி நீண்டு, வெளிறி, வளைந்துவிடும். அப்படி நீண்ட நாற்றை நட்டுத் தேற்றுவது கடினம். கொல்லைப்பக்கம் ஒளி ஊடுருவும் தகடு வேய்ந்த சாய்ப்பு இருந்தால் அதுவே சரியான இடம். இல்லாவிட்டால் மழை விட்ட காலை வேளைகளில் தட்டை வெளியே எடுத்து வைக்க வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த முறை ஒத்துவராது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாள் கணக்கையும் பாருங்கள். நவம்பர் முதல் வாரத்தில் தட்டில் இட்ட கோஸ் விதை, நான்கைந்து இலை விட்டு, மாதக் கடைசியில் நடவுக்கு வந்துவிடும். கோல்டன் ஏக்கர் போன்ற குறுகிய கால ரகம் நட்டு 60, 65 நாளில் தலை இறுகும். தை முடிவதற்குள் அறுத்துவிடலாம். அதே விதையை மழை ஓயட்டும் என்று காத்திருந்து டிசம்பரில் பாத்தியில் இட்டால் அறுவடை மாசிப் பாதிக்குத் தள்ளிப்போகும். அப்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். தலை இறுகாமல் இலை விரிந்தபடியே நிற்கும். எண்பது நாள் மட்டுமே குளிர் கிடைக்கும் ஊரில் மழைக்காலத்தை நாற்றுக்காலமாக்கிச் சேமிக்கும் அந்த ஒரு மாதம் மிகப் பெரிது. கோஸ் குடும்பத்துக்குக் குழித்தட்டு, இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

கிழங்குக் காய்களில் தீர்ப்பு அப்படியே மாறுகிறது. கேரட்டும் முள்ளங்கியும் முதல் வாரத்திலேயே ஆணிவேரைக் கீழே செலுத்துகின்றன. குழித்தட்டின் அடியில் அந்த வேர் முட்டி வளைந்தால் பிறகு எவ்வளவு நல்ல மண்ணில் நட்டாலும் கிளைத்த, முறுக்கிய கிழங்குதான். அவற்றை நிலத்தில் நேராகத்தான் விதைக்க வேண்டும். பீட்ரூட் மட்டும் இடையில் நிற்கிறது: நேரடி விதைப்பே மேல், ஆனால் நெருக்கம் குறையக் கலைத்து எடுத்த நாற்றைக் காலி இடத்தில் நட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

பாத்தியும் சுவரும்

நம் ஊர்க் கொல்லைகளில் ஒரு முழம் தோண்டினால் சரளை தட்டுகிறது. அதனால் தரைப்பாத்தியைவிட ஓரடி உயரம் கட்டிய மேட்டுப்பாத்தி நல்லது. கார்த்திகைக் கடைசி மழை வந்தாலும் நீர் வடிந்துவிடும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து, வேப்பம்புண்ணாக்கும் சிறிது சேர்த்தால் போதும். வளர்ப்புப் பை மாடிக்கு வேறு வழியில்லாதவர்களுக்கு. பக்கவாட்டில் வெயில் பட்டுப் பை மண் சூடாகிறது. குளிரை விரும்பும் வேருக்கு அது பிடிக்காது.

சுவரை மறந்துவிடாதீர்கள். செட்டிநாட்டு வீடுகளின் மதில் உயரமானது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், பத்தடி மதிலின் வடபுறம் நண்பகலில்கூட ஆறரை அடிக்கு மேல் நிழல் விழும். சித்திரையில் வெயில் கொளுத்திய அதே இடம் தையில் நாள் முழுதும் இருண்டு கிடக்கலாம். ஆறு மணி நேர வெயில் இல்லாத பாத்தியில் கோஸ் தலை கட்டாது. பாத்தி போடுவதற்கு முன் ஒரு கம்பை நட்டு நிழலைக் கணித்துக்கொள்ளுங்கள்.

விதைத்தவுடன் வருபவை எறும்பும் மயிலும். எறும்புக்குப் பாத்தி ஓரத்தில் அரிசி நொய் தூவினால் விதையை விட்டு அதை இழுத்துப் போகும். மயிலுக்கு வலைதான்.

கோஸ், காலிஃபிளவர், நூக்கோல்

ஆசை எல்லோருக்கும் காலிஃபிளவர் மேல்தான், ஆபத்தும் அதில்தான் அதிகம். அதன் பூ கட்டுவதை முழுக்க வெப்பநிலையே தீர்மானிக்கிறது. ஸ்நோபால் வகைகளுக்குப் பூ கட்ட 10 முதல் 16 டிகிரி வேண்டும். அந்தக் குளிர் செட்டிநாட்டுக்கு ஒருபோதும் வராது. செடி இலை விட்டுக்கொண்டே போகும், நாமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். பூசா தீபாலி, பூசா மேக்னா போன்ற முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரியில் பூ கட்டுகின்றன. 1822இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சகாரன்பூருக்கு வந்த விதையில் தொடங்கி, வடஇந்தியச் சமவெளியின் வெக்கையில் பல தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட வம்சம் அது. மார்கழி, தையில் நம் பகலையும் இரவையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 25 டிகிரியை ஒட்டி வரும். ஆக, கதவு திறந்திருக்கிறது, ஆனால் இடுக்குவழிதான். பூ கட்டும் வாரத்தில் வெயில் தூக்கினால் பூ அரிசி அரிசியாகப் பிரியும், நடுவே சிற்றிலைகள் நீட்டும். தின்னலாம், ருசியிலும் பெரிய குறை இருக்காது, பார்வைக்குத்தான் சோர்வாக இருக்கும். பொட்டலத்தில் முன்பருவ ரகம் என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். பூ கோழிமுட்டை அளவு வந்ததும் மேலிலைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டால் மஞ்சளிக்காமல் வெண்மையாக நிற்கும்.

முட்டைகோஸ் அதைவிடப் பொறுமையான செடி. தலை மலைக்கோஸ் அளவுக்கு இறுகாது, எடையும் குறையும், ஆனால் ஏமாற்றாது. அதற்குத் தொல்லை வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இலையின் அடிப்பக்கம் அமர்ந்து சுரண்டிச் சல்லடையாக்கும். பாத்தியைச் சுற்றிக் கடுகு தூவி வைத்தால் அந்து அதில் முட்டையிடப் போகும். கடுகைக் கீரையாகப் பறிக்காமல் அதற்கென்றே விட்டுவிட வேண்டும். வாரம் ஒருமுறை ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளித்து, தினமும் இலையைத் திருப்பிப் பார்த்தால் வீட்டளவுக்கு வேறு மருந்து தேவைப்படாது.

முதல் முறை விதைக்கிறவருக்கு நான் கையில் கொடுப்பது நூக்கோல் விதை. ஒயிட் வியன்னா ரகம் நட்டு ஐம்பது, அறுபது நாளுக்குள் முடிந்துவிடுகிறது. கோசுக்கு ஒன்றரை அடி இடைவெளி வேண்டும் என்றால் இதற்கு ஓரடி போதும். பருப்பது தண்டு, அதுவும் மண்ணுக்கு மேலே. எனவே நம் சரளை அதற்குக் குறுக்கே நிற்காது. தலை கட்டுமா, பூ பிரியுமா என்ற கவலையே இல்லை. பேராசைப்பட்டுப் பெரிதாகட்டும் என்று விட்டுவைத்தால் நார் ஏறிவிடும், அது ஒன்றுதான் கவனம். ஆறு, ஏழு சென்டிமீட்டர் குறுக்களவில் பறித்துப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்துப் பாருங்கள். கடைக்காயில் இல்லாத இனிப்பு தெரியும். இளம் இலையும் கீரையாகும். கடையில் மட்டமாகப் பார்க்கப்படும் காய் இது, நம் கொல்லைக்கோ மூன்றில் முதலிடம்.

பீட்ரூட், கேரட், முள்ளங்கி

முள்ளங்கிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நான்கு நாளில் முளை, 45 நாளில் காய். பதினைந்து நாளுக்கு ஒரு வரிசையாக விதைத்துக்கொண்டே போகலாம்.

கேரட் இதற்கு நேர் எதிர். முளைக்கவே பத்து, பதினான்கு நாள் எடுக்கும். அத்தனை நாளும் மேல்மண் காயக்கூடாது. விதையின் மேல் மண்ணைப் போடாமல், சலித்த தொழு உரமும் மணலும் கலந்து அரை சென்டிமீட்டர் தூவி, நனைத்த சாக்கால் மூடி, முதல் முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும். சரளையில் முட்டினால் கிழங்கு கவைபோடும் என்பதால் சலித்த மண்ணே வேண்டும். நிறம் ஏற 15 முதல் 20 டிகிரி உகந்தது. நம்மிடம் அது இரவில்கூட அரிது. அதனால் ஊட்டிக் கேரட்டின் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். குரோடா, பூசா ருதிரா போன்று வெப்பம் பொறுக்கும் வகைகளை எடுங்கள்.

பீட்ரூட்டை நான் கேரட்டுக்கு மேலே வைக்கிறேன். உடுமலைப் பக்கம் சமவெளியிலேயே அதை வயல் வயலாக விளைவிக்கிறார்கள். நம் வெப்பம் அதற்குப் புதிதல்ல. விதை என்று நாம் விதைப்பது இரண்டு மூன்று விதைகள் ஒட்டிய ஓர் உருண்டை. ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முளைகள் கிளம்பும். மனம் இரங்காமல் ஒன்றை வைத்து மற்றதைக் கலைத்துவிட வேண்டும். கலைக்காத பாத்தியில் எல்லாம் விரல் அளவிலேயே நிற்கும். கலைத்த இளம் கீரை பொரியலுக்குப் போகட்டும்.

அவரைக்கு இடம் விடுங்கள்

பட்டாணி, பீன்ஸ் இரண்டையும் கேட்பார்கள். வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் இரண்டிலும் பூ உதிரும். பட்டாணியை விட்டுவிடலாம், குத்துப் பீன்சை வேண்டுமானால் கார்த்திகையில் ஒரு வரிசை போடலாம். அதே இடத்தைக் கொடி அவரைக்குக் கொடுத்தால் பத்து மடங்கு பலன் உண்டு. அவரை குளிருக்காகக் காத்திருப்பதில்லை, பகல் குறைவதற்காகக் காத்திருக்கிறது. ஆடியில் ஊன்றிய கொடி பந்தல் ஏறி, பகல் பதினொன்றரை மணி நேரமாகச் சுருங்கும் மார்கழியில் பூத்துக் காய்த்து, பொங்கல் குழம்புக்குத் தயாராக இருக்கும். பந்தலை மட்டும் பாத்திகளின் வடபுறம் போடுங்கள். தெற்கே போட்டால் கோசின் வெயிலை அவரையே மறைத்துவிடும்.

விதை எடுப்பதிலும் இதே பிளவு தெரிகிறது. அவரை, மொச்சை, முள்ளங்கி விதையை நம் கொல்லையிலேயே முற்றவிட்டு எடுக்கலாம். கோஸ், நூக்கோல், பீட்ரூட் மூன்றும் கடுங்குளிர் பட்ட பிறகே பூப்பவை. அவற்றின் விதை குலு பள்ளத்தாக்கு, காஷ்மீர் போன்ற இடங்களிலிருந்துதான் வரவேண்டும். எனவே இவற்றில் வீரிய ஒட்டு ரகமா, சாதா ரகமா என்ற விவாதத்தில் விதை சேமிப்பைக் காரணமாகச் சொல்வதில் பொருளில்லை. எப்படியும் வாங்கத்தான் வேண்டும். கோசில் வெப்பம் தாங்கும் ஒட்டு ரகம் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்குங்கள். நூக்கோலுக்கும் பீட்ரூட்டுக்கும் சாதா ரகமே போதும்.

ஒரு கிராம் கோஸ் விதையில் ஏறக்குறைய 300 விதைகள் இருக்கும், வீட்டுக்கு அவ்வளவு ஆகாது. மிச்சத்தை உலர்ந்த சாம்பல் போட்ட இறுக்கமான புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் கோஸ் விதை நான்கு ஆண்டும், கேரட் விதை இரண்டு மூன்று ஆண்டும் முளைப்புத்திறனோடு இருக்கும். வெளியே வைத்தால் ஐப்பசி ஈரத்திலேயே பாதி போய்விடும்.