எம்.சி.டி. எண்ணெய்: பாட்டிலில் எழுதியிருப்பதும் மூளையில் நடப்பதும்

‘மூளைக்கு உடனடி எரிபொருள்’, ‘பசியை அடக்கும்’. எந்த எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் பாட்டிலை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றாவது முகப்பில் இருக்கும். முதலாவது பாதி உண்மை. இரண்டாவதை நம்பி வாங்கினால் பெரும்பாலும் காசு தண்டம்.

பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பார்க்க வேண்டியது சி8 எனப்படும், எட்டு கார்பன் நீளமுள்ள கேப்ரிலிக் அமிலம் எத்தனை கிராம் என்பதை. சி10 கேப்ரிக், இதுவும் கீட்டோன் (கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்யும் எரிபொருள்) தரும், ஆனால் குறைவாக. சி12 லாரிக் கலந்திருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். சி8 குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே செல்லின் உலைக்குள் நுழைய அதற்குக் கார்னிடைன் என்ற வாயில்காப்பாளரின் அனுமதி வேண்டாம். சட்டென்று எரிந்து கீட்டோனாக மாறுகிறது. லாரிக் பெரும்பாலும் சமையல் எண்ணெய்க் கொழுப்பைப் போல நிணநீர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. ‘மொத்த எம்.சி.டி.’ என்று ஒரே எண்ணைப் போட்டு, பிரித்துச் சொல்லாத பாட்டிலை நம்ப வேண்டியதில்லை.

“நம்ம தேங்காய் எண்ணெயே போதுமே?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தேங்காய் எண்ணெயில் சி8 சுமார் 7–8 சதவீதம்தான். கிட்டத்தட்டப் பாதி லாரிக். ஒரு மேசைக்கரண்டி சுத்த சி8-க்கு ஈடாக ஏறக்குறைய 190 கிராம் தேங்காய் எண்ணெய் குடிக்க வேண்டும். கலப்படத்துக்கும் இதிலேயே ஒரு சோதனை உண்டு: மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் போல வெள்ளையாக உறைந்தால் அது எம்.சி.டி. அல்ல.

இனி மூளை. உடல் எடையில் 2 சதவீதம், செலவிடும் ஆற்றலில் 20 சதவீதம். ஆனாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்பை அது எரிபொருளாக அதிகம் தொடுவதில்லை. சர்க்கரை, அது குறைந்தால் கீட்டோன், இவைதான் அதன் சாப்பாடு. ஆகவே பாட்டிலில் இருக்கும் எண்ணெய் அப்படியே மூளைக்கு ஏறுவதாக நினைக்க வேண்டாம். பெரும்பகுதி கல்லீரலில் கீட்டோனாகி, அந்தக் கீட்டோன்தான் போய்ச் சேர்கிறது. கனடாவின் ஷெர்ப்ரூக்கில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், லேசான மறதி உள்ளவர்கள் தினமும் 30 கிராம் எம்.சி.டி. கலந்த பானத்தை 6 மாதம் குடித்தார்கள். மூளை எடுத்துக்கொண்ட கீட்டோன் 230 சதவீதம் கூடியது. சர்க்கரைப் பயன்பாடு மாறவில்லை. ஆக, எரிபொருள் என்பது சரி. மறதி தீரும் என்பது இதிலிருந்து வராது.

பசி விஷயம்தான் சுவாரசியம். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ் கொழுப்பை எரிபொருளாகப் பார்ப்பதைவிடச் சேதியாகவே படிக்கிறது. 2002-ல் நியூயார்க்கில் எலிகளின் மூளைக்குள் ஓலியிக் அமிலத்தைச் செலுத்தினார்கள். ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைய இருக்கும் அதே நீண்ட சங்கிலிக் கொழுப்பு. எலிகள் குறைவாகத் தின்றன; கல்லீரல் சர்க்கரை உற்பத்தியைக் குறைத்தது. மூளையில் சில துளிக் கொழுப்பு, அடங்கியது வயிற்றில் இருக்கும் கல்லீரல்! அதே சோதனையில் சி8-ஐச் செலுத்தியபோது இந்த விளைவு வரவில்லை. நீண்ட கொழுப்பு வாயிலில் தேங்கி நின்றால்தான் ‘போதும், உணவு வந்துவிட்டது’ என்ற குறிப்பு எழும் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். சி8 வாயிலில் நிற்பதே இல்லையே. போதாக்குறைக்கு, கிரெலின் என்ற பசி ஹார்மோன் வேலை செய்ய அதன்மேல் ஒட்ட வேண்டிய கொழுப்பும் இதே சி8தான். இதைத்தான் ‘பசியடக்கி’ என்று விற்கிறார்கள். ஒரு மேசைக்கரண்டிக்கு 115 கலோரி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சாப்பாட்டில் அந்த அளவு கொழுப்பைக் குறைக்காமல் இதை மேலே ஊற்றினால் எடை ஏறும்.

பயன்படுத்துவதாக இருந்தால், முதல் மூன்று நான்கு நாள் 1 டீஸ்பூன், அதுவும் சாப்பாட்டோடு. பிறகு மெதுவாக 15 மி.லி. வரை, அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டும். வெறும் வயிற்றில் முதல் நாளே முழுக் கரண்டி குடித்தால் அது குடலில் வேகமாக உடைந்து தண்ணீரை இழுக்கும். வயிற்றைப் பிசையும், அரை மணியில் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். இட்லி, பொங்கலோடு எடுத்தால் வயிறு தப்பும், ஆனால் இன்சுலின் ஏறி கீட்டோன் குறையும். முட்டை, தயிர், கெட்டி மோர் இவற்றோடு எடுப்பது நடுவழி. மேலே மிதக்கவிட்டு விழுங்கினால் சி8 தொண்டையில் காறும். மோரோடு மிக்ஸியில் அடித்தால் காறல் குறையும், கீட்டோனும் நன்றாக ஏறும். சூடான காபியை மூடிய ஜாரில் அடிக்காதீர்கள், மூடி பறக்கும். தாளிக்கவும் பொரிக்கவும் ஆகாது. சுமார் 160 டிகிரியிலேயே புகைந்துவிடும். தெர்மகோல் கப்பில் ஊற்றி வைத்தால் கப்பே கரைந்து ஒழுகும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் டம்ளர் நல்லது.

பவுடர் வடிவம் பயணத்துக்கு வசதி, அவ்வளவுதான். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி சேர்த்ததா என்று பாருங்கள். அது சர்க்கரையை ஏற்றும், வாங்கிய நோக்கமே கெடும்.

வலிப்புக்காகக் குழந்தைகளுக்கு எம்.சி.டி. உணவுமுறை 1971 முதல் இருக்கிறது. அது மருத்துவமனைக் கணக்கில் நடப்பது, வீட்டில் கரண்டி வைத்துச் செய்வதல்ல. கல்லீரல் சுருக்க நோயாளிகளும் டைப் 1 நீரிழிவுக்காரர்களும் தாமாக எடுக்கக் கூடாது. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரை போடுபவர்களுக்கு மாத்திரையே கீட்டோனைக் கூட்டும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம்.