மழைக்கு முன் விறகு: பச்சைக் கருவேலமா, கடைச் சரக்கா, தென்னை மட்டையா?

கார்த்திகை பிறந்தால் மாசி வரை எங்கள் வீட்டில் வெந்நீர் போடும் செம்பு பாய்லர் தினமும் எரியும். மாடியில் சோலார் இருக்கிறது. மூட்டம் போட்ட நாளில் அது வெதுவெதுப்போடு நின்றுவிடும், வீட்டில் பெரியவர்களுக்கு அது ஆகாது. ஆகவே விறகு வேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கம் இதற்கு நான்கு வழிகள். ஆடியிலேயே பச்சைச் சீமைக்கருவேலத்தை டன் கணக்கில் இறக்கிக் காயவைக்கலாம், புரட்டாசி கடைசியில் விறகுக்கடையில் காய்ந்ததாக வாங்கலாம், தோப்பில் கிடக்கும் மட்டை, பாளை, தொட்டியை (சிரட்டையை) வைத்தே ஓட்டலாம், இல்லாவிட்டால் தூளை அழுத்திச் செய்யும் பிரிக்கெட் கட்டி. நான் முதல் வழியில் போகிறவன். சாய்வு இருக்கத்தான் செய்யும், தெரிந்தே படியுங்கள்.

எந்த மரம் என்று அதிகம் பேச வேண்டியதில்லை. கனமான மரம் நின்று எரியும், கங்கு பிடிக்கும். சீமைக்கருவேலம், வெள்வேல், புளி எல்லாம் அந்த ரகம். புளியைப் பிளப்பதற்குள் கோடாலிக்காரர் கூலியை ஏற்றிக் கேட்பார். வெள்வேல் அருமையான விறகுதான், ஆனால் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், மாட்டுக்கு நெற்றும் நிழலும் தருகிற மரத்தை அடுப்புக்கு வெட்ட எனக்கு மனசு வராது. சவுக்கும் நல்ல விறகு. புகளூர், பள்ளிபாளையம் காகித ஆலைகள் அதைக் கூழுக்கு வாங்குவதால் நம் கைக்கு வருவது கிளையும் கழிவும்தான். மூலனூர், அரவக்குறிச்சி வண்டியில் முருங்கைக் கட்டை கலந்து வந்தால் கையோடு திருப்பி அனுப்புங்கள், அது நெருப்புக்கும் உதவாது. அரளிக் கட்டையை எந்த அடுப்பிலும் வைக்காதீர்கள், அதன் புகையே நஞ்சு.

விஷயம் மரத்தில் இல்லை, மரத்துக்குள் இருக்கும் தண்ணீரில் இருக்கிறது. பால் சொசைட்டியில் ஒரு லிட்டர் ஊற்றினாலும் லாக்டோமீட்டர் விட்டுப் பார்க்கிறார்கள். டன் கணக்கில் விறகு வாங்கும் நாம் எடை மேடைச் சீட்டை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணுகிறோம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி வரை தண்ணீர் இருக்கும். சீமைக்கருவேலம் கெட்டி மரம், அதனால் 40 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டன்னில் 400 கிலோ தண்ணீர், 600 கிலோ மரம். அது காய்ந்து 15 சதவீத ஈரத்துக்கு வரும்போது எடை 700 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். அதாவது பச்சை விறகு டன் 5,000 ரூபாய் என்றால், நிஜமாகவே காய்ந்த விறகுக்கு 7,000 கொடுத்தாலும் சூட்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

காயவைக்காமல் அப்படியே எரித்தால் கணக்கு இன்னும் மோசம். அந்த 400 கிலோ தண்ணீரையும் அடுப்பே ஆவியாக்கியாக வேண்டும். கிலோவுக்குச் சுமார் 600 கிலோ கலோரி அதற்கே போகும். கூட்டிப் பார்த்தால் 65 கிலோ காய்ந்த விறகின் சூடு. அது போனாலும் போகட்டும். ஈர விறகில் நெருப்பு சூடேறாததால் புகை முழுதாக எரியாது. பாய்லர் நடுக்குழாயில் கீல் மாதிரி கறுப்பாகப் படியும். அது படிந்தால் இழுப்பு குறையும், இழுப்பு குறைந்தால் இன்னும் புகை. தையில் அந்தக் குழாயைச் சுரண்டிப் பார்த்தவர்கள் பிறகு விறகில் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க நினைக்க மாட்டார்கள்.

ஆடியில் விறகு இறக்கினால் வண்டிக்காரரே சிரிப்பார். "ஏனுங்க, மழைக்கு இன்னும் எத்தனையோ நாள் கெடக்குதே!" அந்த நாட்களுக்காகத்தான் இறக்குவதே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடி, ஆவணியில் நம் பக்கம் ஓயாமல் அடிக்கும், மழையோ அதிகம் இருக்காது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே இந்தக் காற்றை நம்பித்தான். விறகைக் காயவைக்கச் செலவில்லாத வசதி இது. மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் உள்ளதைப் பிளந்து, கல் மேல் இரண்டு கட்டை போட்டு, இடைவெளி விட்டுக் காற்றுக்குக் குறுக்கே அடுக்கினால் புரட்டாசிக்குள் எரிக்கிற பக்குவத்துக்கு வந்துவிடும். அப்புறம் தகரத்தடியில் தள்ள வேண்டியதுதான். தரையில் போட்டால் கரையான் வரும். முள்ளை வெட்டும் இடத்திலேயே செதுக்கித் தரச் சொல்லிப் பேசிவிடுங்கள். இதில் குறை என்றால் இடம் வேண்டும், பணம் முன்னாலேயே போகும். அதோடு கருவேலத்தில் சீக்கிரம் உளு விழும். இரண்டாம் வருஷத்துக்கு வைத்தால் மாவாகக் கொட்டும், ஆகவே ஒரு பருவத்துக்கு வேண்டியது மட்டும்.

இடம் இல்லாதவர்களுக்குக் கடைதான் வழி. அங்கே "நல்லா காஞ்ச வெறகுங்க" என்பார்கள். வெளியில் காய்ந்திருக்கும், உள்ளே பார்க்க வேண்டும். வெட்டு முகத்தில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, பட்டை கையோடு வருகிறதா என்று பாருங்கள். இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும், 'தொப்' என்றால் வேண்டாம். ஒரு கட்டையைப் பிளக்கச் சொல்லி உட்பக்கத்தைக் கன்னத்தில் வைத்தால் ஈரம் சில்லென்று தெரியும். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. தேறினால் நான் மேலே சொன்ன 5,000-க்கு 7,000 என்ற கணக்கில் விலை கேட்டாலும் கொடுக்கலாம். திருப்பூர் சாயப்பட்டறை பாய்லர்களும் விறகு எரிப்பவைதான். லோடு கணக்கில் எடுக்கும் அவர்களோடு போட்டி போட்டுக் குட்டியானை அளவில் வாங்குகிற நமக்கு பேரம் பெரிதாகப் படியாது.

தோப்பு உள்ளவர்கள் மட்டையை விட மாட்டார்கள், விடவும் வேண்டாம். இனாமாகக் கிடைக்கிறது, பற்றவைக்கப் பாளையை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் மட்டை மளமளவென்று எரிந்து அடங்கிவிடும். ஒருவர் வெந்நீர் போடுவதற்குள் அடுத்தவர் அடுப்படியில் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி அப்படியல்ல, நல்ல சூடு. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கரி சுடவும் ஆக்டிவேட்டட் கார்பன் செய்யவும் அதற்குக் கிராக்கி இருப்பதால் விற்றுவிட்டு விறகு வாங்குவதே லாபம். நாங்கள் மட்டையைக் காலையில் மூட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

பிரிக்கெட்டைக் கொஞ்ச நாள்தான் எரித்தேன், அந்த அளவுக்கு மட்டும் சொல்கிறேன். மரத்தூள், கடலைத் தொலியை அழுத்திச் செய்வதால் ஈரம் குறைவு, சீராக எரிகிறது, சாக்கில் அடுக்கி மூலையில் வைக்கலாம். ஆனால் சாம்பல் அதிகம், எங்கள் பாய்லரின் குறுகிய வாய்க்கு உடைத்துப் போட வேண்டியிருந்தது. மழைச் சாரல் பட்டால் உப்பி உதிர்ந்துவிடும். அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் பாய்லர் வைத்திருப்பவர்கள் ஒரு மூட்டை மட்டும் வாங்கிப் பார்க்கலாம்.