மூன்று வருடம் பயன்படுத்திய தோல் உறை: பொருத்தம்தான் பிரச்சினை

நேற்றுதான் கேமரா பழுதுபார்த்துத் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டு ஒட்டுநாடாவும் வந்தது. அதில் நாலைந்து பழுப்பு இழைகள். லென்ஸைக் கழற்றியபோது உள்ளே கிடைத்தவையாம். பழுதுபார்த்தவர் நல்ல மனிதர், எடுத்து வைத்திருந்து காட்டினார். "இது எங்கிருந்து வந்தது, தெரிகிறதா?" என்று கேட்டார். தெரியாமல் என்ன! அதே நிறத்தில் ஒன்று என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் நண்பன் செய்தி அனுப்பியிருந்தான். "உன்னிடம் இருக்கிற தோல் உறை விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா? ஒரு வரியில் சொல்." நேரம் பார்த்துக் கேட்டான். ஒரு வரியில் முடியவில்லை.

கேமராவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அதைப் பற்றியே போய்விடும். ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சார் 'ஒரு அங்குல' ரகம், ஜூம் லென்ஸ், அணைத்தால் லென்ஸ் உடலுக்குள் ஒடுங்கிக்கொள்ளும் வகை, அது போதும். இந்த மாதிரி கேமராக்கள் சட்டைப் பைக்குள் போகும் என்பார்கள். போகும்தான், ஆனால் சட்டை ஒரு பக்கமாகத் தொங்கும். அதற்குத்தான் உறை.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்: தோல் அருமையான தோல். குரோம் உப்பில் பதனிட்ட மெத்தென்ற ரகம் இல்லை. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, கொஞ்சம் விறைப்பான ரகம். இந்தத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. நனைத்து ஓர் அச்சின் மேல் போட்டு அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். கேமராவின் பிடி, லென்ஸ் வளையத்தின் மேடு எல்லாம் வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி இந்த உறை அமைந்ததற்கு அதுதான் காரணம். வாங்கியபோது வெளிறிய பிஸ்கட் நிறம். கை எண்ணெயும் வெயிலும் பட்டுப் பட்டு இப்போது தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. நகம் பட்ட கீறல்கள்கூட விரலால் தேய்த்தால் பாதி மறைந்துவிடும். மூன்று வருடத்தில் இதைவிட அழகாக மூப்படைந்த பொருள் என்னிடம் வேறு இல்லை, நான் உட்பட.

தையலையும் சொல்ல வேண்டும். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, இரண்டு பக்கமிருந்தும் ஒரே துளைக்குள் விட்டு இழுக்கிற கைத்தையல். இயந்திரத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் மளமளவென்று பிரிந்து வரும். இதில் அப்படி வராது. ஒரு மூலையில் ஒரு கண்ணி அறுந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்துக் கண்ணி அசையவில்லை.

சரி, இனி கோபம்.

வாங்கிய முதல் வாரம் கேமராவை உள்ளே வைப்பதே பெரிய வேலையாக இருந்தது. தோல்தானே, பழகினால் தளரும் என்று எல்லோரும் சொன்னார்கள். தளர்ந்தது, வாய்ப்பக்கம் மட்டும். வயிற்றுப் பகுதி மூன்று வருடமாக அதே பிடிவாதம். அடியில் விரல் விட்டு மேலே தள்ள ஒரு துளைகூட வைக்கவில்லை. ஆகவே கேமராவின் மேல் விளிம்பை இரண்டு விரலால் கவ்வி, இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். பல் பிடுங்குவது போல. அதற்குள் நாம் எடுக்க நினைத்த பறவை பறந்துவிடும், குழந்தை சிரித்து முடித்துவிடும். ஃபிலிம் காலத்து 'எவர் ரெடி' தோல் உறைகளை 'நெவர் ரெடி' என்று கிண்டல் செய்வார்களாம். அந்தக் கிண்டலுக்கு இன்னும் வயதாகவில்லை.

இதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேல் மடிப்பு இன்னும் மோசம். கச்சிதமாக இருக்க வேண்டும் என்று மடிப்பையும் அளந்து வெட்டியிருக்கிறார்கள். பிரஸ் பட்டன் விழ வேண்டுமென்றால் மடிப்பை இழுத்துப் பிடித்துத்தான் அழுத்த வேண்டும். அப்படி இழுக்கும்போது தோல் எதன் மேல் படிகிறது? கேமராவை இயக்கும் பொத்தானின் மேல். உறைக்குள்ளேயே கேமரா விழித்துக்கொண்டு, லென்ஸ் வெளியே வரப் பார்த்து, தோலில் முட்டி, 'கிர்ர்' என்று முனகும். எடுத்துப் பார்த்தால் திரையில் பிழைச் செய்தி. அந்த லென்ஸை நகர்த்துகிற பற்சக்கரங்கள் எல்லாம் பொடிப்பொடியானவை, இப்படி முட்டுக்கொடுக்கவா செய்தார்கள்? மூன்றாவது முறைக்குப் பிறகு பொத்தானுக்கு அருகில் ஒரு விரலைக் கொடுத்துக்கொண்டே மூடப் பழகினேன். உறைக்கு நான் பழகிவிட்டேன், உறை எனக்குப் பழகவில்லை.

இப்போது அந்த இழைகளுக்கு வருகிறேன். உள்ளே வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமப் பரப்புள்ள ஸ்வேட் லைனிங் ஒட்டியிருந்தார்கள். கடையில் விரலால் தடவிப் பார்த்துச் சொக்கிப்போனேன். திரையில் கீறல் விழாது என்றும் சொன்னார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் உறை இறுக்கமாக இருப்பதால் ஒவ்வொரு முறை ஆட்டி எடுக்கும்போதும் லென்ஸ் வளையம் அந்த ரோமத்தைச் சுரண்டுகிறது. உதிர்ந்தது வளையத்தைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். இயக்கியதும் லென்ஸ் நீள்கிறது, அணைத்ததும் ஒடுங்குகிறது. துருத்தி போலக் காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு இழையையும். லென்ஸைக் கழற்றி மாற்றும் கேமராவாக இருந்தால் ஊதுகுமிழை வைத்து சென்சாரில் படிந்ததை நாமே ஊதித் தள்ளலாம். இதில் லென்ஸ் கழலாது. ஆளிடம் கொடுத்துப் பிரிக்க வேண்டும்.

இழை உள்ளே போனது முதலில் எனக்குத் தெரியவில்லை. லென்ஸில் ஒளி நுழையும் துளையை விரியத் திறந்து எடுத்த படங்களில் ஒன்றும் இல்லை. எஃப்8, எஃப்11 என்று துளையைச் சுருக்கி எடுத்த வானத்தில்தான் சாம்பல் நிறப் புழு ஒன்று, எல்லாப் படத்திலும் அதே இடத்தில். வேக்குவம் கிளீனர் குழாயை லென்ஸின் மேல் வைத்து உறிஞ்சினால் போய்விடும் என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

நண்பனுக்காக அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவனிடம் இருப்பது வேறு மாடல். 'இந்த வரிசைக்கே பொருந்தும்' என்று எழுதியிருப்பதை நம்பிவிடுவான். உதாரணத்துக்கு, சோனி ஆர்எக்ஸ்100 கேமரா வரிசையைப் பாருங்கள். அகலம் 101.6 மி.மீ., உயரம் 58.1 மி.மீ., எல்லாவற்றிலும் ஒன்றே. தடிமன் மட்டும் 2012இல் வந்த முதல் மாடலில் 35.9, 2014இல் வந்த மூன்றாவதில் 41.0, 2019இல் வந்த ஏழாவதில் 42.8. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், உறைக்குள் விட்டால் ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். வார்த்த தோலில் ஒரு மில்லிமீட்டரே பெரிய விஷயம். போதாததற்கு, விவரப்பட்டியலில் போடும் அளவில் துருத்தும் பாகங்களைச் சில சமயம் சேர்ப்பதில்லை. கட்டைவிரல் பிடி ஒட்டியிருந்தால், கைப்பட்டை மாட்டியிருந்தால், அதோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும். ஒரு காகிதப் பட்டையைக் கேமராவின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடித்து அந்த நீளத்தைக் குறித்துக்கொள்வது உத்தமம். நேரில் வாங்கினால் ஒரே சோதனைதான்: மடிப்பைத் திறந்து, கீழே கையை ஏந்தி, உறையைத் தலைகீழாகப் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். கேமரா மெல்ல வழுக்கிக் கையில் வந்தால் வாங்கலாம். வராமல் அப்படியே நின்றால் கடைக்காரர் "பாருங்கள், எவ்வளவு கச்சிதம்!" என்பார். நானும் அதைக் கேட்டுத்தான் வாங்கினேன்.

பிரஸ் பட்டனின் பின்தலை உள்ளே துருத்தும், அந்தப் பக்கம் திரை இருக்கக் கூடாது. பித்தளையாக இருந்தால் தோலின் கொழுப்புப் பட்டுப் பச்சைக் களிம்பு ஏறும். துடைத்தால் போகும், அதெல்லாம் ஒரு குறையில்லை. அப்புறம், இரவில் கேமராவை உறையோடு தூங்க வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் லென்ஸில் பூஞ்சை வர அது போதும். என்னுடையது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் தனியாகத் தூங்குகிறது.

நேற்று இரவு கோபத்தில் லைனிங்கை உரித்து எடுத்துவிட்டேன். பசையைச் சுரண்டவே இரண்டு மணி நேரம் ஆனது. தோலின் உள்பக்கமும் சொரசொரப்புத்தான், விட்டால் அதுவும் உதிரும். ஆகவே கொஞ்சம் தேன்மெழுகைத் தடவி, ஸ்பூனின் முதுகால் வழவழப்பாகும் வரை அழுத்தித் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்தேன். காலையில் கேமராவை உள்ளே விட்டேன். போனது. தலைகீழாகப் பிடித்தேன். வழுக்கி வந்து கையில் உட்கார்ந்தது. லைனிங்கின் தடிமன் போனதில் கேமரா கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது, மடிப்பும் பொத்தானின் மேல் அழுந்தவில்லை. அப்போது வந்த எரிச்சல் இருக்கிறதே, அது மூன்று வருட எரிச்சலைவிட அதிகம். இதைத் தைத்தவருக்கு இது தெரியாதா?

நண்பனுக்கு "வாங்காதே" என்று பதில் போட்டேன். "அப்படியானால் உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடேன்" என்றான்.

தரமாட்டேன்.