குமுளியில் "காட்டுக்குள் ஜீப் பயணம்" என்று அழைத்தால்

தேக்கடிக்குக் குடும்பத்துடன் செல்லவிருப்போர் குமுளித் தரகர்களிடம் பணத்தை இழந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கம்பத்திலிருந்து மலையேறும் தமிழகப் பேருந்துகள் எல்லைக்கு இப்பாலே நின்றுவிடும். அங்கிருந்து கேரளப் பகுதிக்கு நடக்கும் சிறு தொலைவிலேயே ஒருவர் எங்களை மறித்தார். படகு டிக்கெட், புலிகள் காப்பகத்துக்குள் ஜீப் பயணம், மங்கலதேவி கண்ணகி கோயில் தரிசனம் ஆகிய மூன்றுக்கும் ஒரே தொகை பேசி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார், ரசீது தரவில்லை.

ஜீப் காப்பகத்தின் பக்கமே திரும்பவில்லை. ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நடுவே குலுக்கி எடுத்துவிட்டு, "இதுதான் சார் காடு" என்றார் ஓட்டுநர். தேக்கடியில் தனியார் ஜீப்புகள் காப்பகத்துக்குள் சுற்ற முடியாது. காட்டுக்குள் நடைப்பயணமோ மூங்கில் தெப்பப் பயணமோ வேண்டுமானால் வனத்துறையிடம் நேரடியாகப் பதிவு செய்ய வேண்டும். வழிகாட்டிகளாக வருவோரில் மன்னான், பளியர் பழங்குடியினரும் இருப்பதால், அந்தக் கட்டணம் காட்டை அறிந்தவர்களின் பிழைப்புக்கும் உதவுகிறது.

என்னை மிகவும் வருத்தியது கோயில் விஷயம்தான். மதுரையை எரித்த கண்ணகி விண்ணேகிய இடம் என்று நம்பப்படும் அக்கோயிலைக் காண்பதற்காகவே என் மாமியார் முழங்கால் வலியுடன் வந்திருந்தார். ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி, தூரத்து மலையைக் காட்டி, "இன்றைக்கு நடை சாத்திவிட்டார்கள், அம்மா" என்றார்கள். சித்ரா பௌர்ணமியன்று மட்டுமே அங்கு பக்தர்கள் அனுமதிக்கப்படுகிறார்கள் என்பது தரகருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. வயதானவரின் பக்தியை வைத்துப் பணம் பறிப்பது கொடுமை.

பிறகு, ஜீப்காரர் நிறுத்திய கடையில் ஏலக்காய் வாங்கினோம். மேலே பருமனான பச்சைக் காய்கள், அடியில் வெடித்த சிறு காய்கள். வாங்குவதானால் பொட்டலத்தைக் கொட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

படகு டிக்கெட்டும் வரவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று இதே தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஏரியில் "உள்ளே ஆள் இருக்கிறார், ஏற்றிவிடுவார்" என்று யாராவது சொன்னால், பணத்துக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும் விலகிவிடுங்கள். கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் வனத்துறையும்தான் அங்கு படகு விடுகின்றன. இணையத்தில் முன்பதிவு செய்யலாம், இல்லையேல் அவர்களுடைய கவுன்ட்டரிலேயே டிக்கெட் வாங்கலாம்.

ஜீப்பின் பதிவெண்ணைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் திரும்பவில்லை.