இடுப்பில் கட்டிய பையா, கையில் தொங்கிய பையா?

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்களின் கோட்டில் பை இருந்தது. பெண்களின் கவுனில் பெரும்பாலும் இல்லை. தனியாகத் தைத்த துணிப்பையை நாடாவால் இடுப்பில் கட்டி, பாவாடைக்கு அடியில் தொங்கவிட்டார்கள். பாவாடையின் பக்கவாட்டுப் பிளவு வழியே கையை நுழைத்துத் துழாவ வேண்டும். பல பைகள் ஓர் அடிக்கு மேல் நீளம். சாவி, காசு, கத்தரிக்கோல், விரலுறை, தின்பண்டம் எல்லாம் அதற்குள் போகும். வெளியே யாருக்கும் தெரியாத அந்தப் பையில் பூவேலை வேறு!

1790களில் இடுப்புக்கோடு மார்புக்குக் கீழே ஏறியது. துணி மெல்லிய மஸ்லின். உள்ளே பை கட்டினால் புடைத்துக்கொண்டு தெரியும். அப்போது பரவியதுதான் 'ரெட்டிக்யூல்': பட்டிலோ வலைப்பின்னலிலோ செய்த குட்டிப் பை. வடிவத்தில் நம் பாட்டிமாரின் சுருக்குப்பைதான், ஆனால் மடியில் செருகாமல் கையில் தொங்கும். உள்ளாடை போல மறைந்திருந்தது வீதிக்கு வந்துவிட்டதே என்று 'ரிடிக்யூல்' (கேலிக்கூத்து) எனப் பெயரைத் திரித்துச் சிரித்தார்கள்.

பயனில் பழையதற்கே என் ஓட்டு. இரண்டு கையும் சும்மா இருக்கும், கொள்ளளவும் அதிகம். ரெட்டிக்யூலில் கைக்குட்டையும் கொஞ்சம் சில்லறையும் வைக்கலாம். எங்காவது மறந்து வைத்துவிடவும் செய்யலாம். ஆனால் இடுப்புப்பைக்கும் ஆபத்து இருந்தது: திருடர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றப் பதிவுகளில் இத்தகைய வழக்குகள் நிறைய.

நாகரிகம் மாறினாலும் உழைக்கும் பெண்கள் 19ஆம் நூற்றாண்டிலும் இடுப்புப்பையை அவிழ்க்கவில்லை.