அளந்துவிட்டு வரச் சொல்லும் பார்ட்ஸ் கடை

குளச்சலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அப்பா தம்மாமில் வேலை பார்த்தபோது, 1984 லீவுக்குக் கொண்டுவந்தது. ஜப்பானில் செய்தது, வெள்ளி நிற முகப்பு, நல்ல கனம். போன வருடம் அதில் இடது பக்கச் சத்தம் திடீர் திடீரென்று போக ஆரம்பித்தது. வால்யூமைக் கூட்டினால் பட்டென்று திரும்பி வரும். குறைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விடும்.

முதலில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தோம். மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, "பார்ட்ஸ் கிடைக்காது, உள்ளே உள்ளதைக் கழற்றிப்போட்டு புது ஐசி போர்டு வெச்சுத் தாரேன்" என்றார்கள். வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு முன் நான் ஈயம் வைத்ததே இல்லை. ஆனாலும் அப்பாவின் பெட்டியை வெறும் கூடாக்கிவிட மனசு வரவில்லை.

அப்படித்தான் நாகர்கோவிலில் இந்தக் கடைக்குப் போனேன். மீனாட்சிபுரம் அண்ணா பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம். சின்னக் கடை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில்தான் நிற்கவேண்டும். போர்டில் எழுத்து மங்கிவிட்டது, பழைய ரேடியோ கடை என்று கேட்டால் காட்டுவார்கள். சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் சாமான் ஒட்டியிருக்கும். எந்த டப்பாவில் என்ன என்று அண்ணாச்சி பார்க்காமலே எடுப்பார்.

நான் யாரோ சொன்னதைக் கேட்டு, 22 கண்டன்சர்களை (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சாமான்) எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எல்லாவற்றையும் மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பு. அண்ணாச்சி சீட்டை வாசித்துவிட்டு, "இதுல எது கெட்டுப்போச்சு மக்களே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அளந்துவிட்டு வா என்று சீட்டை மடித்து என் கையிலேயே தந்தார். அன்றைக்கு அவர் விற்றது ஒரு ஹோல்டர், ஒரு பிளக், 60 வாட் குண்டு பல்பு, அவ்வளவுதான். வியாபாரம் செய்யக் கிடைத்த ஒருத்தியை வெறுங்கையாக அனுப்பிய கடை என்றுதான் அன்று தோன்றியது.

ஆனால் அந்தப் பல்புதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. கரண்ட் வரும் வயரில் பல்பைத் தொடராகக் கோர்த்து, அதன் வழியாக ஆம்ப்பை ஆன் செய்யவேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும், உடனே நிறுத்திவிடலாம். இல்லையென்றால் ஒரு நொடி மின்னி மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது, பழைய இழை பல்புதான் வேண்டும். பின்பக்க வோல்டேஜ் ஸ்விட்சையும் பார்க்கச் சொன்னார். அந்தக் காலத்தில் சவுதி வீடுகளில் 127 வோல்ட்தான், நமக்கு 230. எங்களுடையது 220-இல்தான் இருந்தது, அப்பா வந்த அன்றே திருப்பி வைத்தாராம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் சார்ஜ் நிற்கும் என்று இரண்டு தடவை சொன்னார். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் பண்ணக்கூடாது. ரெசிஸ்டன்ஸ் வைத்து இறக்கி, மீட்டரில் சுழி பக்கம் வந்ததா என்று பார்த்த பிறகுதான் கை வைக்கவேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்.

அடுத்த வாரம் அளந்ததை எழுதிக்கொண்டு போனேன். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஆம்ப்பில் அது மாட்டும் முனைகளில் டிசி (அங்கே அதிகம் இருக்கக்கூடாத நேர்மின்சாரம்) எவ்வளவு என்று பார்த்தேன்: இடது 18 மில்லிவோல்ட், வலது 31. "அம்பதுக்குள்ள இருக்கு, டிரான்சிஸ்டரைத் தொடாதே" என்றார். பிறகு ஒரு வேலை சொன்னார். சத்தம் போன சமயத்தில் ரிலே என்ற சின்னப் பெட்டியின் தலையில் பிளாஸ்டிக் பேனா மூடியால் மெதுவாகத் தட்டு. தட்டினேன். சத்தம் வந்துவிட்டது!

ஆன் செய்து சில நொடி கழித்து 'டக்' என்று கேட்குமே, அதுதான் ரிலே. ஸ்பீக்கரைக் காப்பாற்றும் காவல்காரன். கழற்றிக் கொண்டுபோனேன். அண்ணாச்சி மூடியைத் திறந்து லென்ஸ் வைத்துக் காட்டினார். இரண்டு ஜோடி முனைகள், கடுகு அளவுதான். ஒரு ஜோடி வெளிறி மினுங்கியது, மற்றது அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. "உப்புக்காத்து. சின்னச் சத்தத்துக்கு இந்தக் கறையைத் தாண்ட வலு கிடையாது, கூட்டி வெச்சா தாண்டிரும்" என்றார். ஒரு வருடம் எங்களைப் பாடாய்ப் படுத்தியது அந்தக் கடுகுதான்.

24 வோல்ட் ரிலே 180 ரூபாய். ஆனால் முதலில் தந்ததன் கால்கள் போர்டு ஓட்டைக்குப் பொருந்தவில்லை, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. பேசாமல் மாற்றித் தந்தார் என்றாலும், பழையதைக் கையில் வைத்துக்கொண்டே இதை அவர் ஒப்பிட்டிருக்கலாம். பெரிய ஃபில்டர் கண்டன்சர் கேட்டால் பத்து நாள் ஆகும். ஃபோனில் விலை சொல்லமாட்டார். நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கி டிசம்பர் 3 வரை மைக் செட்காரர்கள் கூட்டம், அந்தப் பத்து நாளும் போகாதீர்கள்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஒரு மைக் செட்காரருக்கு அவுட்புட் டிரான்சிஸ்டர் எடுத்துக் கொடுக்கும்போது, "இது ஒரிஜினல் இல்ல, முழு லோடு தாங்காது, தெரிஞ்சு வாங்கு" என்று அவரே சொன்னார். வேறு கடைகளில் "வீட்டில் ஆம்பளை யாராவது இருந்தால் வரச்சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறேன். இங்கே நான்கு முறை போனேன், அந்தப் பேச்சே வரவில்லை. மீட்டரில் என்ன காட்டியது என்பதுதான் கேள்வி.

ஈயம் வைக்க 25 வாட் சோல்ட்ரான் வாங்கினேன், இந்த வேலைக்கு அது போதும். புது ரிலேயை வைத்து ஆன் செய்தபோது அப்பா அடுக்களையில் இருந்தார். 'டக்' கேட்டதும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். வால்யூமை ரொம்பக் குறைத்து வைத்தோம். இரண்டு பக்கமும் பாடியது.

பேலன்ஸ் கண்ட்ரோலைத் திருப்பினால் மட்டும் இன்னும் கரகரக்கிறது. கான்டாக்ட் கிளீனர் வாங்க சனிக்கிழமை போகிறேன்.