ஒரே காரில் இரண்டு நிறுவனங்களின் குளிர்கால டயர்கள்: இரண்டு குளிர்காலங்களுக்குப் பிறகு

குளிர்கால டயர்களில் முன் இரண்டு மட்டும் தேய்ந்துவிட்டன, அதே மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை, வேறு நிறுவனத்தின் டயர்கள் இரண்டை வாங்கிப் போட்டால் போதுமா என்று சென்ற வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். ஈராண்டுகளுக்கு முன் எனக்கும் இதே கேள்வி எழுந்தது. போதும் என்று முடிவெடுத்து, அந்தக் கலப்பிலேயே இரண்டு குளிர்காலங்களை ஓட்டிக் கழித்ததால், அவருக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னுடையது முன்சக்கரங்கள் இழுத்துச் செல்லும் சாதாரண கார். ஆகவே முன் டயர்களின் பள்ளங்கள் தேய்ந்து 3 மி.மீ. ஆழமே மிஞ்சியிருந்தபோது பின் டயர்களில் இன்னும் 6 மி.மீ. எஞ்சியிருந்தது. பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. தான் என்றாலும், குளிர்கால டயருக்கு அந்த அளவு பொருந்தாது. பனியைக் கவ்விப் பிடிக்கும் மெல்லிய கீறல்கள் ஆழம் குறையக் குறையத் தம் விளிம்புகளை இழக்கின்றன, 4 மி.மீ.க்குக் கீழே போனதும் பனிச்சேற்றில் டயரின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆஸ்திரியச் சட்டம் ரேடியல் குளிர்கால டயர்களுக்கு 4 மி.மீ. கேட்பது இதனால்தான். எனவே முன் ஜோடியை மாற்றியதில் எனக்கு இன்றும் மறுயோசனை இல்லை.

மாற்றிய விதத்தில்தான் தவறு நேர்ந்தது. இழுக்கும் சக்கரத்தில்தான் புது டயர் இருக்க வேண்டும் என்று சொல்லி, டயர் மாற்றியவர் புதிய ஜோடியை முன்னால் பூட்டினார். கேட்பதற்கு நியாயமாகப் பட்டதால் நானும் தலையாட்டிவிட்டேன். பனி மூடிய ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து கார் கிளம்பிய அழகைப் பார்த்து முதல் வாரம் முழுக்க மகிழ்ந்திருந்தேன். இரண்டாம் வாரம், பனி உருகித் தண்ணீர் தேங்கியிருந்த ஒரு வளைவில், முன்புறம் உறுதியாகத் திரும்ப, பின்புறம் மட்டும் வெளிப்பக்கமாக நழுவியது. வழுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு குறுக்கிட்டு காரை நேராக்கியது. நான் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முன்புறம் நழுவினால் கால் தன்னால் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடும், வேகம் குறைந்து பிடிப்பும் திரும்பும். பின்புறம் நழுவும்போது அதே செயல் எடையை முன்னால் தள்ளி நழுவலை இன்னும் கூட்டிவிடும். ஆழம் அதிகமுள்ள ஜோடியைப் பின்னால் போடுமாறு டயர் நிறுவனங்களே சொல்வதன் காரணம் இதுதான். மறுநாளே ஜோடிகளை இடம் மாற்றினேன். அதன்பின் அப்படி ஒரு நழுவல் நேரவே இல்லை.

ஆனால் இடம் மாற்றிய பிறகும் தீராமல், இரண்டு குளிர்காலங்களும் என் பொறுமையைத் தின்ற குறை ஒன்று உண்டு. பழைய ஜோடியின் பக்கச்சுவர் விறைப்பானது, புதியது மென்மையானது. உலர்ந்த நெடுஞ்சாலையில், அதுவும் வெப்பநிலை 10 டிகிரியைத் தாண்டிய நாட்களில், தடம் மாறும்போது முன்புறம் உடனே திரும்பிவிடும்; பின்புறம் ஒரு கணம் தாமதித்து, சற்றே அசைந்துவிட்டுத்தான் பின்தொடரும். வீல் அலைன்மென்ட் சரிபார்க்கப்பட்டது, பாலன்ஸிங் மீண்டும் செய்யப்பட்டது, இரண்டு முறையும் குறையில்லை என்றே பதில் வந்தது. பின் டயர்களில் காற்றை 0.2 பார் கூட்டியபோது அசைவு குறைந்ததே தவிர மறையவில்லை. ஓட்டிப் பார்த்த மெக்கானிக்குக்கு எதுவும் தெரியவில்லை. பின் இருக்கையில் அமரும் என் மகள் மட்டும், யாரும் கேட்காமலேயே, கார் வாலை ஆட்டுகிறது என்றாள்.

நியாயமாகச் சொன்னால் இரண்டு ஜோடிகளிலும் எனக்குக் குறை இல்லை. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும் நேரத்தில், இவை இரண்டுமே காரை நம்பிக்கையோடு நிறுத்தின. பனியில் ஒருமுறைகூட நான் சிக்கி நிற்கவில்லை. ஒரே ரப்பர் கலவையும் ஒரே விறைப்பும் காரின் நான்கு மூலைகளிலும் இருக்கும் என்று எண்ணித்தான் அந்தந்த டயர் வடிவமைக்கப்படுகிறது. பாதியை எடுத்து வேறொன்றோடு சேர்த்தது நான். இத்தனையும் தெரிந்திருந்தும், இந்த ஏற்பாட்டைப் பரிந்துரைக்கிறாயா என்று கேட்டால் மாட்டேன் என்றே சொல்வேன். ஓட்டும் ஒவ்வொரு நாளும் தடம் மாறுகிறேன். அந்த ஒரு கண அசைவு ஒவ்வொரு முறையும் என் கைகளை இறுக வைத்தது.

செலவைப் பிரித்தே செய்தாக வேண்டிய நிலையில் இருப்பவருக்கு நான் சொல்லக்கூடியவை சில உண்டு. ஒரே அச்சில் இடமும் வலமும் வெவ்வேறு டயர் என்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம். பிரேக் அடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கக்கூடும். இன்ஜின் நான்கு சக்கரங்களையும் இயக்கும் கார் என்றால், டயர்களின் சுற்றளவில் உள்ள சிறு வேறுபாடுகூட, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் போன்ற பாகங்களுக்குச் சுமையாகும் என்பதால், தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்காமல் இரண்டு மட்டும் வாங்கக் கூடாது. புதிய ஜோடியில் மூன்று சிகரங்களுக்குள் பனித்துகள் வரைந்த குறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேறு, பனி என்பதைக் குறிக்கும் எம்+எஸ் எழுத்துகள் மட்டும் உள்ள டயரை 2024 அக்டோபர் முதல் ஜெர்மனி குளிர்கால டயராக ஏற்பதில்லை.

நண்பரின் பின் டயர்களில் 5 மி.மீ. இருக்கிறதாம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படிக்கச் சொன்னேன்: 3616 என்றார், அதாவது 2016ஆம் ஆண்டின் 36ஆம் வாரம். இத்தனை வயதான ரப்பர் இறுகியிருக்கும், ஆழம் மிச்சமிருந்து பயனில்லை, நான்கையும் மாற்றிவிடுங்கள் என்றேன். நானும் இந்த இலையுதிர்காலத்தில் ஒரே மாடலில் நான்கு டயர்கள் வாங்கிவிட்டேன். கழற்றிய நான்கிலும் இன்னும் ஒரு குளிர்காலத்துக்கான ஆழம் இருந்தது.